கடலைக் கொடியில் ஓடிய மாப்பிள்ளைக் கார்

நான் செய்த முட்டாள்தனங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தினால், என் கல்யாணத்தன்று காலையில் செய்ததற்குத்தான் முதல் மரியாதை. நம்பாதவர்கள் என் மனைவியைக் கேட்கலாம். (கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.)

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லை எங்கே என்று இரண்டு பக்கமும் மல்லுக்கட்டிய காலம் அது. எங்கள் நகரி எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடைக்கு டீக்கடை பஞ்சாயத்து. நாளைக்கு எந்த ராஜ்யத்தில் இருக்கும் என்றே தெரியாத ஊரில் பெண்ணைக் கொடுக்க, திருப்பதியிலிருந்த என் வருங்கால மாமனாருக்குப் பாதி மனசுதான். "ஒம்பதுலேர்ந்து பத்தரை முகூர்த்தம். தப்பிச்சின்னா இந்தச் சம்பந்தமே வாணாம்" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

உறவெல்லாம் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டது. நான் மட்டும், நூல் வியாபாரி ஒருவரிடம் இரவல் வாங்கிய காரை நானே ஓட்டிப்போய் மண்டப வாசலில் இறங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கார் ஓட்டக் கற்றுக்கொண்டு பதினோரு நாள் ஆகியிருந்தது. துணைக்கு ராஜம்மா அத்தை, சீர்த் தட்டுகளோடு.

டிக்கியைத் திறந்த அத்தை ஸ்டெப்னியைப் பார்த்து அலறினாள்.

"அடப்பாவி! சீர்வரிசை நடுவுல கறுப்புச் சாமானா? எட்த்து வெளிய போடுடா!"

போட்டேன். (மற்ற நான்கு சக்கரமும் கறுப்புதானே என்று கேட்க, பி.ஏ. படித்த எனக்குத் தோன்றவே இல்லை.)

புத்தூர் தாண்டியதும் 'டமார்'. பின்சக்கரம் தரையோடு தரை, ட்யூப் கந்தல். மணி எட்டு. கண்ணுக்கெட்டிய வரை ஒரு பஸ் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பட்டு வேட்டியோடு மைல்கல்லில் உட்கார்ந்து அழுதேன்.

பக்கத்துக் கொல்லையில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்தாள். பெயர் மங்கம்மா.

"இன்னா நைனா, ஸ்டெப்னி இல்லியா?"

"வூட்லயே வெச்சிட்டு வந்துட்டேங்க."

"ஏன்?"

"கறுப்பா இருக்குதுன்னு..."

என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

"யுத்த காலத்துல ட்யூபு எங்க கெடச்சிச்சி? எங்க வூட்டுக்காரரு லாரி ஓட்டுவாரு, நான்தான் கிளீனரு. நவுரு நைனா" என்று புடவையை இழுத்துச் செருகினாள். ஜாக்கி போட்டாள். சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பித் திறந்தாள். காய்ந்த கடலைக் கொடியைப் புரியாக முறுக்கி உள்ளே திணித்து, ஏறி மிதித்து, மறுபடி திணித்தாள். டயர் கல் மாதிரி ஆகிவிட்டது! நான் பிளந்த வாய் மூடவில்லை. சக்கரத்துக்குள் காற்றுதான் இருக்கவேண்டும் என்று அதுவரை நம்பியிருந்தவன் நான். நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தேன்.

"எந்திரி, வேட்டி அழுக்காவும். மெள்ளமா போ. பொக வந்தா தண்ணி தெளி."

மூன்றாவது மைலில் புகை வந்தது. தண்ணீர்தான் இல்லை. அத்தை பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு இறங்கி, "வாங்க, வாங்க" என்று சொல்லாத குறையாகச் சக்கரத்துக்குத் தெளித்தாள். வழியெல்லாம் இதே உபசாரம். விருந்தாளிகளுக்கு ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

மண்டபத்தை அடைந்தபோது பத்து மணி இருபது நிமிஷம். ஓடிப்போய்த் தாலி கட்டினேன். கட்டிவிட்டு வெளியே வந்தால், ஒரு பசுமாடு எங்கள் பின்சக்கரத்துக்குள் நாக்கை விட்டு நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் பெருமையாகக் கேட்டேன்: "நான் மட்டும் வந்து சேரலைன்னா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"மொத வரிசையில பட்டு வேட்டி கட்டிக்கினு, சந்தனம் பூசிக்கினு ஒருத்தரு குந்திக்கினு இருந்தாரே, பாக்கலியா? எங்க மாமா பையன். இன்னும் அஞ்சு நிமிஷம் ஆயிருந்தா அவுருதான் எந்திரிச்சி வந்திருப்பாரு" என்றாள், ஏதோ சாதாரண விஷயம் மாதிரி. "எங்க நைனா ஸ்டெப்னி இல்லாம எங்கியும் கெளம்ப மாட்டாரு."

மங்கம்மா, மாமனார் என்று ஒரே நாளில் இரண்டு பேரைப் பார்த்து நான் பிரமித்தது அன்றுதான்.

இன்றுவரை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மாமா பையன் ஸ்டெப்னி மாமாதான். அவரும் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே வருவார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும், விசேஷ வீடுகளில் அவர் இடத்தைவிட்டு எழுந்தாலே கடிகாரத்தைப் பார்க்கிறேன்.