தொப்பை அனுப்பிய சேதி

டாக்டர் சொன்னதாக என் மனைவி வந்து சொன்ன கதையை ஏழு வருடமாக நான் முழுதாக நம்பியதில்லை. நம்பாமலும் இருந்ததில்லை. நம்பாதவன் செய்யாத காரியத்தை ஏழு வருடமும் காலைதோறும் செய்துவந்திருக்கிறேன். அதனால் கதையை விட என்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

2002-ஆம் வருடம். மழை இல்லாமல் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கோவில்பட்டியில் எங்கள் தெருக்குழாயில் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். மற்ற நாட்களில் தெருமுனை அடிபம்புதான். நான் மணியாச்சி ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கிறவன். காலையில் ரயிலில் உட்கார்ந்து போய், பகலெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்து, மாலையில் ரயிலில் உட்கார்ந்து திரும்புவேன். வண்டி நிற்பதற்குள் என் வயிறு பிளாட்பாரத்தில் இறங்கியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வள்ளித்தாய், இடுப்பு வலிக்கிறது, பம்பிலிருந்து நாலு குடம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். கேட்டது அந்த ஒரு தடவைதான். பெண்பிள்ளைகள் வரிசையில் ரயில்வே உத்தியோகஸ்தன் குடத்தோடு நிற்பதா என்று சொல்லிவிட்டு, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அந்தப் பேப்பரில்தான் அது இருந்தது. உடம்பிலுள்ள கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை அல்ல, அதுவும் ஒரு சுரப்பி மாதிரிதான். அதிலிருந்து ஒரு ஹார்மோன் மூளைக்குப் போய், ‘இருப்பு போதும், சாப்பாட்டைக் குறை’ என்று சேதி சொல்லும். இதை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இடுப்பு வலியிலிருந்து பேச்சை மாற்றவும் வசதியாக இருந்தது.

அடுத்த ஒரு மாதம் ராஜ வாழ்க்கை. ஏழாவது தோசைக்குக் கூச்சப்படவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

“இன்னும் சேதி வரல வள்ளி. ஒண்ணு போடு.”

“எங்கேருந்து வரணும்?”

“தொப்பையிலேருந்து மூளைக்கு.”

“ஒரு முழந்தூரம். மணியாச்சி பாசஞ்சரை விட லேட்டால்லா வருது.”

சொன்னாளே தவிர தோசையைப் போட்டாள். அப்போதே நான் பயந்திருக்கவேண்டும்.

பிறகு ஒருநாள் கவுண்டரில் தலை சுற்றியது. டாக்டர் ஜெயகிருஷ்ணனிடம் போனோம். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, சர்க்கரை எல்லையில் நிற்கிறது, மூன்று மாதத்தில் தொப்பை குறையவில்லை என்றால் ஆயுசுக்கும் மாத்திரை என்றார். எனக்கு சங்கரபாண்டியன் ஞாபகம் வந்தது. பக்கத்துக் கவுண்டர்க்காரன். கல்யாணப் பந்தியில் எல்லோரும் பாயசத்தில் இருக்கும்போது அவன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை எடுப்பான். என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தேன். தாங்கவில்லை.

நான் வெளியே வந்தேன். வள்ளித்தாய் தன் இடுப்பைக் காட்ட உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்து முகத்தில் ஒரு தெளிவோடு வந்தாள். வீட்டுக்கு நடந்துவரும்போது சொன்னாள்.

“ஒங்க கொழுப்பு சேதி அனுப்பிக்கிட்டுத்தான் இருக்காம். ஓயாம அனுப்பி அனுப்பி மூளைக்குக் காது மந்தமாயிட்டாம்.”

“டாக்டர் அப்படியா சொன்னாரு?”

“இந்த வீட்டுல நான் சொல்லுதது ஒங்க காதுல ஏறாத மாதிரின்னு வச்சுக்கிடுங்க.”

அவள் நாகலாபுரம் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பத்துப் பெண். எட்டயபுரம் சந்தையில் ஆட்டின் முதுகை இரண்டு விரலால் அமுக்கியே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும் ஆட்கள் அவர்கள். அதனால் மீதியை ஆட்டை வைத்தே விளக்கினாள். தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு அவ்வளவு மோசமில்லை. குடலைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதுதான் பொல்லாதது. அது ஈரலிடமும் கைகாலிடமும் கோள் மூட்டி, இன்சுலின் பேச்சை அவை கேட்காமல் செய்துவிடும். கொழுப்பிலிருந்து நல்லது செய்கிற ஹார்மோன் ஒன்றும் சுரக்கும், தொப்பை பெருத்தால் அது குறைந்துபோகும். கையும் காலும் உழைத்தால் சதை தானாகவே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

“அப்பம் நாளைலேருந்து வாக்கிங் போறேன்” என்றேன்.

“போற வழியில கடலைமிட்டாய்க் கடை இருக்குல்லா. டாக்டர் குடம்னுதான் சொன்னாவ. காலையில எட்டுக் குடம். மறுசோறு வேணும்னா அதுக்கு முன்ன ரெண்டு குடம் அடிச்சிட்டு வரணுமாம். சேதி போய்ச்சேர இருபது நிமிசம் ஆவுமாம்.”

அந்த இருபது நிமிடத்தில்தான் என் சந்தேகம் பிறந்தது. வருடக்கணக்கில் போய்ச்சேராத சேதி இருபது நிமிடத்தில் எப்படிப் போகும்? கேட்க வாயெடுத்தேன். சங்கரபாண்டியன் மாத்திரையோடு கண்முன் வந்தான். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் பம்படியில் பக்கத்து வீட்டுப் பெருமாயி என்னையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, ரயில் ஓடலையா?” என்றாள். டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். நோய்க்கு மரியாதை கொடுத்து எல்லோரும் வழிவிட்டார்கள். குடத்தைத்தான் யாரும் வாங்கவில்லை.

தொப்பையை அளக்க வீட்டில் டேப் கிடையாது. என் பழைய அரைஞாண் கயிற்றை அறுத்துவிட்டு, புதுக் கறுப்புக் கயிற்றைத் தொப்புளோடு ஒட்டி வள்ளித்தாயே கட்டினாள். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குள் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பாள், சந்தையில் பார்க்கிற மாதிரியே. மூன்று வாரம் ஆகியும் விரல் நுழையவில்லை. காரணம் எனக்குத் தெரியும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் மணியாச்சியிலும் கிடைக்கும்.

நான்காவது வெள்ளிக்கிழமை விடியற்காலையில், குளிக்கும்போது, முடிச்சை அவிழ்த்து ஒரு கட்டைவிரல் அளவு தளர்த்திக் கட்டினேன். இனி குடத்தைக் குறைத்துவிடுவாள் என்பது என் கணக்கு.

விரல் தாராளமாக நுழைந்தது. அவள் முகம் மலர்ந்தது.

“எட்டுக் குடத்துக்கே இம்புட்டு எளகுதுன்னா, பன்னெண்டு எடுத்தா எப்படி இருக்கும்.”

பன்னிரண்டு எடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை புத்திசாலித்தனமாக முடிச்சைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன்.

“கயிறு இறுகிட்டே” என்று கவலைப்பட்டாள். “அப்பம் பன்னெண்டும் காணாது.”

பதினான்கு. அதற்குப் பிறகு அந்த முடிச்சை நான் தொடவில்லை. பதினான்கு குடம் தூக்கியவனுக்கு ரயிலேறியதும் தூக்கம் வந்தது. கடலைமிட்டாய் ஞாபகம் வரவில்லை. கயிறு தானாகவே இளகத் தொடங்கியது.

மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது சர்க்கரை எல்லைக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது. இடுப்பில் நாலு அங்குலம் குறைந்திருந்தது. என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். நீங்கள் சொன்னதைத்தான் என்றேன். அவர் வள்ளித்தாயைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஏழு வருடம் யோசித்திருக்கிறேன், குடத்துக்குக் குடம்.

போன மாதம் மணியாச்சிக்கு ஏதோ வேலையாக வந்த டாக்டர் ஜெயகிருஷ்ணன் என் கவுண்டருக்கு வந்தார். திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட். அடையாளம் கண்டுகொண்டார். விட்டால் கிடைக்காது என்று, கம்பி வழியாகவே எல்லாவற்றையும் கேட்டேன். கொழுப்பு சுரப்பி மாதிரி வேலை செய்வதும், மூளை மந்தமாவதும், உள்ளே படிவது பொல்லாதது என்பதும் நிஜம்தான் என்றார். நான் பேப்பரில் படித்துக் காட்டியது சரியா என்று அவள் கேட்டாளாம். இவர் விளக்கினாராம்.

“அந்த இருபது நிமிசம்?”

“அது குடலோட வேலைங்க. கொழுப்பு அனுப்புற சேதி ரொம்ப மெதுவா நடக்கிற விஷயம்.”

“குடம்?”

“குடம் ஒங்களுக்கு நான் சொல்லலையே. அந்தம்மாதான் தூக்கக்கூடாதுன்னு சொன்னேன். ஒரு மாசத்துக்கு.”

பின்னால் வரிசை நகரச் சொன்னது. அவர் போய்விட்டார். மாலை ரயிலில் வழியெல்லாம் யோசித்தேன். கோபப்படலாமா? ஏமாற்றப்பட்டவனுக்குச் சர்க்கரை குறையுமா? எனக்கு மாத்திரை இல்லை, பாயசம் உண்டு. அவள் கேட்டபோது நான் நாலு குடம் எடுத்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது. அதை அவளிடம் சொல்வதா?

மறுநாள் காலை கடைசி இரண்டு குடங்களோடு உள்ளே நுழைந்தேன். வள்ளித்தாய் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஒரே தூக்கில் எடுத்துப் பலகைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். நான் குடத்தைக் கீழே வைக்காமலே கேட்டேன்.

“வள்ளி, ஒன் இடுப்பு வலி எந்த வருசம் சரியாச்சு?”