கடைவாய்ப் பல்லும் காந்த நட்சத்திரமும்

"வாயை நல்லாத் திறங்க சார்" என்றாள் பல் டாக்டர், ஈறை மரத்துப்போக வைக்கும் ஊசியை உயர்த்தியபடி.

ஆராய்ச்சியாளர் திறந்தார். பேசுவதற்காக.

விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ வெடிப்புகளை ஆராய்கிறவர் அவர். கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் நடப்பதையெல்லாம் பதறாமல் பார்த்தவருக்கு, ஒரு சாண் தூரத்து ஊசியைக் கண்டதும் உள்ளங்கை வியர்த்துக் கொட்டியது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டும். பேசிக்கொண்டே இருந்தால் குத்த முடியாதே என்று தன் வெடிப்புகளைப் பற்றி ஆரம்பித்தார். சூரியன் நாள்கணக்கில் கொட்டுகிற சக்தி, கண்ணிமைப்பதற்குள் வந்து முடிந்துவிடும் என்றார்.

டாக்டர் ஊசியைத் தாழ்த்தினாள். "எதனால வெடிக்குது?"

தப்பித்தோம் என்று காந்த நட்சத்திரத்தை எடுத்துவிட்டார். செத்துச் சுருங்கிப்போன நட்சத்திரம், ஓர் ஊர் அளவுதான் இருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் பக்கத்தில் போனாலே அதன் காந்தம் உடம்பிலுள்ள அணுக்களை உருக்குலைத்துவிடும். அதன் மேலோடு விரிசல் விட்டால்...

ஊசிமுனை லேசாக ஆடியது.

ஆடுகிற ஊசி தன் ஈறில் அல்லவா இறங்கப்போகிறது என்று பதறினார். அதெல்லாம் ரொம்பத் தூரத்தில் நடப்பது என்று சமாதானம் சொன்னார். எல்லாமேவா என்று கேட்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், நம் பால்வீதிக்குள்ளேயே ஒன்று வெடித்ததை ஒப்புக்கொண்டார். ஊசி இப்போது நன்றாகவே ஆடியது.

காந்த நட்சத்திரமாகத்தான் இருக்கணும் என்றில்லை என்று அவசரமாகப் பின்வாங்கினார். செத்த நட்சத்திரங்கள் இரண்டு மோதி நொறுங்குவதாகவும் இருக்கலாம்.

"வேற?"

கருந்துளை ஒன்று நட்சத்திரத்தைக் கிழித்து விழுங்குவதாகவும்... சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார். டாக்டரின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. ஊசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"நிஜமாவே யாருக்கும் உறுதியாத் தெரியாது டாக்டர். பயப்படாதீங்க" என்றார், கெஞ்சாத குறையாக. அவள் முகம் வெளுத்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனாள்.

ஓரமாகப் பஞ்சு வெட்டிக்கொண்டிருந்த நர்ஸைப் பாவமாகப் பார்த்தார் ஆராய்ச்சியாளர். "கண்டதையும் சொல்லி அவங்களப் பயமுறுத்திட்டேன்மா."

நர்ஸ் நிமிரவில்லை. "அவங்க பயம் அதுக்கில்ல சார். நீங்க பேசி முடிச்சா ஊசி போடணுமேன்னுதான் கேள்வியாக் கேட்டாங்க. அவங்க பிடுங்கப்போற முதல் பல்லே உங்களோடதுதான்."