லண்டனுக்காக வலித்த இடுப்பு

பிரிட்டனையும் அமெரிக்காவையும் திருத்தாமல் விடுவதில்லை என்று துபாய் சத்வாவில், மூன்றாவது மாடியில் ஒருவர் முடிவெடுத்திருந்தார். பெயர் வாசு. கப்பல் கம்பெனியில் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்ப்பது உத்தியோகம். அந்த இரண்டு நாடுகளையும் ஏசுவது வாழ்க்கை.

தினமும் மாலை ஏழு மணிக்குப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வார். எண்பத்து மூன்று பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்குப் பேசிப் பேசி அனுப்புவார். முடிக்க எட்டு மணியாகும். வெந்நீருக்கு ஒரு குழாய், பச்சைத் தண்ணீருக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக வைத்துவிட்டு நடுவில் கையை நீட்டித் தவிக்கிறவனா நம்மை ஆண்டான் என்பார். சட்டை மாற்றுவதுபோல் பிரதமரை மாற்றுகிறான், கேட்டால் ஜனநாயகத்தின் தாய்வீடு என்கிறான் என்பார். அமெரிக்காவுக்கும் குறை வைக்கமாட்டார். கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்த தேசம். கூடுதல் ஓட்டு வாங்கியும் தோற்றுப்போகக்கூடிய தேசம். இத்தனை வருஷத்தில் ஒரு பெண்ணை ஜனாதிபதி நாற்காலியில் உட்கார வைக்கத் துப்பில்லாத தேசம்.

இந்தக் கடைசிக் குற்றச்சாட்டை அவர் குரல் தழுதழுக்கப் பதிவுசெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்தான், காபி கொண்டுவந்த மனைவி சுசீலா, தானும் கார் ஓட்டப் பழகட்டுமா என்று கேட்டாள். பள்ளிக்கூட நூலகர் அவள். அதிகம் பேசாதவள். வாசு பதிவை நிறுத்தினார்.

"துபாய் ரோடு உனக்குச் சரிப்படாது சுசீ. ஏழு லேன். பொம்பளைங்க திணறிடுவாங்க."

சொல்லிவிட்டு, அமெரிக்கப் பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சுசீலா காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது.

இப்போது ஒரு சிக்கல். புஜைராவில் சுசீலாவின் தங்கை ஸ்வாதி வீட்டில் குழந்தைக்குக் காதுகுத்து. அதே சனிக்கிழமை மதியம் லண்டனில் ஆளுங்கட்சி, பிரதமராகப்போகும் தன் புதுத் தலைவரை அறிவிக்கிறது. குழுவில் எண்பத்து மூன்று பேர் காத்திருக்கிறார்கள், அதாவது காத்திருப்பதாக வாசு நம்பினார். குழந்தையின் காது எங்கேயும் போய்விடாது. பிரதமர் நிற்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செருப்பை எடுக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது, ஒன்றரை மணி நேரம் மலைப்பாதையில் வண்டி ஓட்ட முடியாது என்றார். நடிப்பு சுமார்தான். வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு இடது காலை நொண்டினார். சுசீலா ஒன்றும் கேட்காமல் தைலம் தேய்த்துவிட்டாள். அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

சனிக்கிழமை காலை சுசீலா பட்டுப்புடவையில் நின்றாள். பதினான்கு வயது மகள் அனன்யா பரிசுப் பையோடு நின்றாள். டாக்ஸி சொல்லியாயிற்றா என்று சோபாவில் படுத்தபடியே வாசு கேட்டார். சுசீலா ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்தாள்.

"யார் ஓட்டுறது?"

"நான்தாங்க."

கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். டிரைவிங் லைசென்ஸ். வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஏழிலிருந்து எட்டு வரை அவர் இரண்டு தேசங்களைத் திருத்திய வேளைகளில் அவள் வகுப்புக்குப் போயிருக்கிறாள். மூன்று தடவை டெஸ்டில் தோற்று, லிஃப்டுக்குள் அழுது, முகம் துடைத்துக்கொண்டு வந்து தோசை வார்த்திருக்கிறாள். நாலாவது தடவை பாஸ். அவர் ஓட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வாசு விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். இடுப்பு வலிக்கிறவன் அப்படி உட்காரமாட்டான் என்பது நினைவுக்கு வந்து மறுபடி சாய்ந்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்ல வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு."

போகிறபோது, கீழ்வீட்டு ஹாலிதாவிடம் சொல்லியிருப்பதாகவும், மதியம் வந்து இடுப்பைப் பார்ப்பாள் என்றும் சொன்னாள். ஹாலிதா கீழக்கரைக்காரி, பிசியோதெரபிஸ்ட். லண்டன் அறிவிப்புக்குக் கால் மணி இருக்கும்போது கணவர் சாகிரையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவள் அழுத்திய இடத்திலெல்லாம் வாசு முனகினார். அழுத்தாத இடத்திலும் முனகினார். பத்து வருஷமாக இடுப்புகளைப் பார்த்தவளுக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. ஆனாலும் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, குப்புறப் படுங்கள், ஒரு மணி நேரம் தலையைத் தூக்கக்கூடாது என்று சுடுபையை வைத்துக் கட்டினாள். போனைத் தள்ளி வைத்தாள். சாகிர் ரிமோட்டை எடுத்துக் கிரிக்கெட் போட்டார்.

நியூஸ் வைக்கலாமா என்று வாசு தலையணைக்குள்ளிருந்து கேட்டார்.

"டென்ஷனானா சதை இறுகும் அண்ணே. வேணாம்," என்றாள் ஹாலிதா.

லண்டனில் புதுப் பிரதமர் யார் என்று உலகமே அறிந்துகொண்ட நேரத்தில், வாசு சோபா உறையின் நூலை எண்ணிக்கொண்டிருந்தார். சாகிர் ஒவ்வொரு பவுண்டரிக்கும் கை தட்டினார்.

சாயங்காலம் சுசீலா முகம் சிவக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்த மலைகளை இத்தனை வருஷமும் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தது பார்த்ததே இல்லை என்றாள். ஹாலிதாவிடம் வழியிலேயே போனில் விசாரித்துவிட்டாளாம். இரண்டு மாதம் அவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதாம்.

வாசு வாயைத் திறந்தார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றால் பொய் சொன்னேன் என்றாகும். இரண்டு வல்லரசுகளைத் தினம் ஒரு மணி நேரம் கிழித்தவருக்கு ஒரு வாக்கியம் அகப்படவில்லை. மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை வாசு தன் சொந்தக் காரிலேயே ஆபீசுக்குப் போனார். பின்சீட்டில். முன்சீட்டை அனன்யா விட்டுக்கொடுக்கவில்லை.