பக்தவச்சலத்தின் செங்கோணம்

மனித குலத்தைக் கோணாமல் காத்துவரும் செங்கோணத்தின் விலை, 2006-ஆம் ஆண்டு தாம்பரம் மார்க்கெட்டில் நூற்று இருபது ரூபாய். பேரம் பேசத் தெரிந்தவருக்குத் தொண்ணூறு. டிகிரிக்கு ஒரு ரூபாய் என்ற இந்த நியாயமான விகிதத்தில் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் ஒன்றை வாங்கிக்கொண்டு இரும்புலியூர் திரும்பிய நாள் முதல் பக்தவச்சலம் வெறும் அலுவலகக் கண்காணிப்பாளர் அல்லர், ஒழுங்கின் காவலர்.

குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் பதவிக்கு அவர் நின்றார். ஒரே வாக்குறுதி: 'ஆக்கிரமிப்பு அகற்றல்'. தெருமுனையில் பொன்னியம்மாள் மீன் விற்கும் பலகை சாலைக்குள் அரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் அவளை அப்புறப்படுத்தத் தீர்மானம் தயார். அதே பொதுக்குழுவின் முன்னிலையில், தன் கையாலேயே செய்த கார் ஷெட்டின் கூரைச் சட்டத்தைத் தூண்கள் மேல் ஏற்றி, ஒழுங்கு என்றால் என்னவென்று தெருவுக்குக் காட்டுவதென்று முடிவு செய்தார்.

கட்டிங் மெஷினும் வெல்டிங் செட்டும் வந்து இறங்கின. முதல் சதுரப் பைப்பில் ஒரு முகத்தில் மட்டும் கோடு போட்டு அறுத்தார், வெட்டு சாய்ந்தது. பிறகு நான்கு முகத்திலும் மட்டம் வைத்துக் கோடு போட்டார். முதல் மூலையை ஒரே மூச்சில் முழுக்கப் பற்றவைத்தார். சூடு ஆறியதும் பைப் உள்பக்கம் இழுத்துக்கொண்டு கும்பிடு போட்டது. அதற்கு 'சோதனை ஓட்டம்' என்று பெயரிட்டுவிட்டு, நான்கு மூலைக்கும் பொட்டுப் பொட்டாக ஒட்டவைத்து, குறுக்காக மூலைக்கு மூலை டேப் பிடித்தார்; இரண்டு குறுக்களவும் ஒன்றானால்தான் செங்கோணம். மறுமுனையில் மனைவி புஷ்பம்.

"ஏங்க, இந்தப் பக்கம் நாலு மில்லி ஜாஸ்தியா இருக்கு."

"நாலு மில்லியா? இப்படித்தான் ஆரம்பிக்கும். விட்டா அரை அடிக்கு ரோட்டுல பலகை போடுவாங்க."

"சாம்பார் அடிபிடிக்குதுங்க."

"சாம்பாருக்கு மூலைக்கு மூலை பார்க்க வேண்டாம். டேப்பைப் பிடி!"

எதிர்வீட்டுப் பாத்திரக்கடை அமீருதீன் எட்டிப் பார்த்தார். "சார், நீங்க பத்தவெச்சா எங்க வீட்டு டிவி சீரியல்ல மாமியார் கறுத்துப் போயிடறாங்க. என் சம்சாரம் சந்தோஷப்படுறா, அது வேற விஷயம். ஆமா, தூணை அளந்தீங்களா?"

"பாய், பிளான் இருக்கு. பன்னிரண்டுக்கு எட்டு. அங்கீகாரம் ஆன பிளானைக் கையில வெச்சிக்கிட்டுத் தூணை அளக்கறது, சர்க்காரையே சந்தேகப்படற மாதிரி."

ஞாயிறு வந்தது. உறுப்பினர்கள் கூடினார்கள். கடைசியாக ஒருமுறை கெஞ்சிப் பார்க்கலாமென்று பொன்னியம்மாளும் கூடையோடு வந்து நின்றாள். எல்லோர் எதிரிலும் மூலைக்கு மூலை அளந்து காட்டினார் பக்தவச்சலம். மயிரிழை வித்தியாசமில்லை.

"இது கோணல்னு யாராவது நிரூபிச்சா, நான் போட்டியிலிருந்து விலகறேன்!"

கைதட்டல். எட்டுப் பேர் தூக்கினார்கள். சட்டம் மூன்று தூண்களில் கனகச்சிதமாக உட்கார்ந்தது. நான்காவது மூலை அந்தரத்தில் தொங்கியது. தெருவோர மூலைத் தூண், கோபித்துக்கொண்ட சம்பந்திபோல முக்கால் அடி தள்ளி நின்றது.

அமீருதீன் மறுபடி அளந்தார். "சட்டம் சொக்கத்தங்கம் சார். கோணல் வேற எங்கியோ இருக்கு."

அப்போதுதான் புஷ்பத்துக்கு ஞாபகம் வந்தது. "ஏங்க, கார் திரும்ப வசதியா இருக்கும்னு மேஸ்திரிகிட்ட அந்தத் தூணை ரோட்டுப் பக்கம் தள்ளிப் போடச் சொன்னீங்களே! இந்தப் பக்கத் தூணை மட்டும் கரண்ட் கம்பம் இருக்குன்னு தள்ளாம விட்டுட்டீங்க..."

பொன்னியம்மாள் கூடையை இறக்கினாள். "இன்னா சார், என் பலகை அரை அடின்னு அந்தக் குதி குதிச்சியே. உன் தூணு ரோட்டுலதான் குடித்தனம் பண்ணிகினு கீது!"

சாமானியராக இருந்தால் தலைகுனிந்திருப்பார். பக்தவச்சலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்மானத்தில் ஒரு சிறு 'திருத்தம்' கொண்டுவந்தார்: முக்கால் அடிவரை சாலைக்குள் நீளுவது ஆக்கிரமிப்பு ஆகாது. உறுப்பினர்கள் அவரவர் வீட்டு வாசற்படியை ஒரு கணம் நினைத்துக்கொண்டு, ஒருமனதாகக் கை தூக்கினார்கள். தலைவராகவும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். இவ்வளவு நுணுக்கமாக அளக்கத் தெரிந்தவர் வேறு யார்? நான்காவது மூலைக்கு ஒரு துண்டு பைப்பைக் கோணலாக ஒட்டவைக்க, சட்டமும் ஒருவழியாகத் தூணைத் தொட்டது.

மறுநாள் காலை பொன்னியம்மாள் பலகையைச் சாலைக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டாள். தலைவர் ஓடிவந்தார்.

"என்னம்மா இது?"

"கால் அடி பாக்கி இருந்துச்சு சார். எடுத்துக்கினேன்."

ஆக, கணக்கு: தலைவர் எடுத்தது முக்கால் அடி, மீன்காரி எடுத்தது முக்கால் அடி. இருவருக்கும் நேர். தெருவுக்கு மட்டும் ஒன்றரை அடி நஷ்டம். வாசற்படிகளை இன்னும் அளக்கவில்லை.