நீலப் புள்ளி நகரவில்லை

என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நான் நாற்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். காரணம் இருந்தது. கருங்குழிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நெல் பார்த்து வாங்குவது என் வேலை. மூட்டைக்குள் குத்தூசியை விட்டு நாலு நெல்மணி எடுத்துக் கடித்தால் போதும், மேலே காய்ந்த நெல்லையும் நடுவில் ஈர நெல்லையும் வைத்துக் கட்டியிருப்பது தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. சந்தேகப்படுவதை மட்டும் நானே சொந்தமாகக் கற்றுக்கொண்டேன்.

அதை வீட்டிலும் பயன்படுத்தினேன். அங்கேதான் தவறு நடந்தது. என் மனைவி கண்ணகி நெல் மூட்டை அல்ல. அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. இருந்திருந்தால் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பாள். நான் குறுக்கே பேசியிருப்பேன்.

கண்ணகிக்கு ஒரே தம்பி, தீனதயாளன். திருக்கழுக்குன்றத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டினான். அந்தப் புதுமனைப் புகுவிழாவில் நான் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலை போட்டாகிவிட்டது. தண்ணீர் தெளித்தாகிவிட்டது. தீனன் வந்து தோளைத் தொட்டான்.

"மாமா, வங்கி மேனேஜரு வந்துக்கீறாரு. நீங்க நம்மாளுதான. அடுத்த பந்தியில குந்துங்க."

எழுந்தேன். நேராகச் செங்கற்பட்டு பஸ்ஸில்தான் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் இனி கை நனைப்பதில்லை என்று அன்றைக்குத் தீர்மானம் செய்தேன்.

எங்கள் பக்கத்தில் சொந்தக்காரன்மேல் கோபம் என்றால் பேச்சை நிறுத்த மாட்டோம். சாப்பாட்டைத்தான் நிறுத்துவோம். அவர்கள் சமைத்த சோற்றில் ஒருமுறை கை நனைத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. அதற்கு அப்புறமும் முறுக்கிக்கொண்டு நின்றால் ஊர் நம்மைத்தான் காறித் துப்பும். நான் பதினோரு வருடம் கை நனைக்கவில்லை.

பதினோராவது வருடம் தீனன் மகள் தமிழ்ச்செல்விக்கு மாசி மாதத்தில் கல்யாணம் நிச்சயமானது.

"ஒரே அத்தைக்காரி நான். நான் இல்லாம அந்தப் பொண்ணு மணவறையில குந்துமா?" என்றாள் கண்ணகி.

"நீ போய்ட்டு வாயேன். நான் தடுக்கலையே."

"தனியா போய் நின்னா புருசன் எங்கன்னு கேப்பாங்க. இன்னா சொல்றது? எலைக்குக் கோச்சிக்கினு வூட்ல கீறாருன்னா?"

"எலைக்கு இல்ல. மரியாதைக்கு."

"பதினோரு வருசமா அந்த எலை காயவே இல்லபா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுதாளா என்று எட்டிப் பார்த்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்துக் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. பெங்களூரில் இருக்கும் என் மகன் ரமேஷ் அனுப்பியிருந்தான். உள்ளே ஒரு டேப்லெட். நான் படித்த காலத்துச் சிலேட்டு அளவு. குச்சிதான் இல்லை.

"ஊர் சுத்துறப்ப வெச்சிக்கப்பா. வழி காட்டும், படம் புடிக்கும்," என்றான் போனில்.

ஊர் சுற்றுவதா? ஆலை, வீடு, பல் மருத்துவர் தவிர நான் எங்கும் போனதில்லை. எதற்கு அனுப்பினான்? யார் சொல்லி அனுப்பினான்? கண்ணகியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

மறுநாள் அவளாகவே, "ஒரு நாளு மகாபலிபுரம் போய்ட்டு வரலாமா?" என்றாள். கல்யாணமான முப்பத்துநாலு வருடத்தில் அவள் கேட்ட முதல் சுற்றுலா. செங்கற்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகிற பஸ் திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் போகும். எனக்குப் புரிந்துவிட்டது. நடுவில் இறக்கித் தம்பி வீட்டுக்கு இழுத்துப் போகிற திட்டம்.

"திருக்கழுக்குன்றத்துல எறங்கக் கூடாது," என்றேன்.

"எறங்க வேணாம்."

"தலை சுத்துது, மோர் குடிக்கணும்னு சொல்லக் கூடாது."

"சொல்லல."

எதிர்ப்பே இல்லை. அதுவே மேலும் சந்தேகமாக இருந்தது.

பக்கத்து வீட்டுக் கோபாலகிருஷ்ணனிடம் டேப்லெட்டை எடுத்துப் போனேன். சிங்கப்பெருமாள் கோயில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதைத் திறந்தவுடன், 'உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா' என்று கேட்டது. என் வீட்டில் இதுவரை யாரும் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. கேட்கிறவனை எப்படி நம்புவது?

"இது யாருக்குத் தகவல் சொல்லும் சார்?" என்றேன்.

"யாருக்கும் சொல்லாது. உமக்குத்தான் சொல்லும். இந்த நீலப் புள்ளி இருக்கு பாரும், அது நீர்தான். நீர் போனா போகும், நின்னா நிக்கும். பொய் சொல்லாது."

அங்கேதான் எனக்கு யோசனை பிறந்தது. தீனன் வீட்டின்மேல் ஒரு சிவப்புக் கொடி குத்தித் தரச் சொன்னேன். வரைபடத்தில் கொடி நின்றது. இனி நீலப் புள்ளி கொடிப் பக்கம் நகர்ந்தால் எனக்குத் தெரிந்துவிடும். எனக்கு விரித்த வலையை நானே எடுத்து மீன் பிடிக்கப் போகிறேன். வீட்டுக்கு வந்ததும் முன்பக்கக் கேமராவின் மேல் கண்ணகியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். எதற்கும் இருக்கட்டும்.

"பொட்டு வெச்சாச்சா? அப்பால பேரும் வெச்சிடுங்க," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். அடுப்படியிலிருந்து ஒரு வாசனையும் வரவில்லை. ஆனாலும் கண்ணகி கையில் ஒயர் கூடை இருந்தது. பச்சையும் வெள்ளையும் கலந்து அவளே பின்னியது. அதில் என் குத்தூசியை விட்டிருக்க வேண்டும். நானோ டேப்லெட்டுக்குச் சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வழியை அடைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். என்னைத் தாண்டாமல் அவள் இறங்க முடியாது. பாதுகாப்பு ஏற்பாட்டில் எனக்கே பெருமையாக இருந்தது.

டேப்லெட்டைப் பிரித்தேன். நிமிர்த்திப் பிடித்தால் படம் படுத்தது. படுக்க வைத்தால் நிமிர்ந்தது. முப்பத்துநாலு வருட அனுபவம் இருந்ததால் நான் பதறவில்லை. வெயில் பட்டதும் சாலை மறைந்து என் முகம் தெரிந்தது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது விரல் பட்டு செங்கற்பட்டு காணாமல் போய், முழுக்க நீலமாக ஒரு கடல் வந்தது. அது எந்தக் கடல் என்று தெரியவில்லை. திரும்பி வர நாலு கிலோமீட்டர் ஆயிற்று.

நடத்துநர் வந்தார். "பெரிசு, இன்னா கையில? டிவியா? அதுக்கும் ஒரு டிக்கெட் போடவா?"

"வழி பாக்கிறேன்."

"வழி டிரைவருக்குத் தெரியும். நீ பாத்து இன்னா பண்ணப்போற?"

பஸ்ஸே சிரித்தது. கண்ணகி சிரிக்கவில்லை. "அவரு பாக்கட்டும் நைனா. கெடுக்காத," என்றாள். என் பக்கம் பேசினாள். எனக்கு முதுகு சில்லிட்டது.

மலை தெரிந்தது. திருக்கழுக்குன்றம் வந்துவிட்டது. பஸ் நிலையத்துக்குள் நுழைந்து நின்றது. "பத்து நிமிசம்," என்று சொல்லிவிட்டு ஓட்டுநரும் நடத்துநரும் டீக்கடைக்குப் போனார்கள்.

இதுதான் ஆபத்தான இடம். டேப்லெட்டை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டேன். நீலப் புள்ளி இங்கே. சிவப்புக் கொடி அங்கே. நடுவில் இரண்டு தெரு. கண்ணை எடுத்தால் என்ன ஆகுமோ என்று இமைக்காமல் பார்த்தேன். புள்ளி நகரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் குரல் கேட்டது. "பாத்துப் புடிங்க, சூடா கீது."

சுண்டல் விற்கிறவள் போல. "வேணாம்னு சொல்லு," என்றேன், தலை நிமிராமல்.

"சொல்லிட்டேன்," என்றாள் கண்ணகி.

என் முழங்கையில் ஏதோ இடித்தது. கூடையாக இருக்கும். புள்ளி அசைந்ததா? இல்லை, பக்கத்துப் பஸ் கிளம்பியதில் எனக்குத்தான் அப்படித் தோன்றியது. நடத்துநர் விசில் கொடுத்தார். எங்கள் பஸ் நகர்ந்தது. புள்ளி கொடியை விட்டு விலகி விலகிக் கிழக்கே போனது. பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி. கண்ணகியைத் திரும்பிப் பார்த்தேன். தோற்றவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. அவள் கூடையை மடியில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பாவம் என்று நினைத்தேன்.

மகாபலிபுரத்தில் எல்லாம் பார்த்தோம். வெண்ணெய் உருண்டைக் கல்லைப் பல்வேறு திசைகளிலிருந்து படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது எல்லாப் படங்களிலும் என் கட்டைவிரல் அந்தக் கல்லை விடப் பெரிதாக இருந்தது. பசித்தது. கல்லுக்குப் பக்கத்துப் புல்தரையில் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். கண்ணகி அடுக்குப் பாத்திரத்தைத் திறந்தாள். புளியோதரை. மசால் வடை. எள்ளுத் துவையல். மிளகாய் வற்றல்.

ஒரு வாய் வைத்தேன். வெற்றி பெற்றவனுக்குச் சோறு ருசிக்கும் என்பது தெரியும். இது அதற்கும் மேலே இருந்தது.

"ரமேஷுக்கு ஒரு வீடியோ அனுப்பலாமே," என்றாள் கண்ணகி. "நான் புடிக்கிறேன். நீங்க சாப்ட்டுகினே பேசுங்க."

டேப்லெட்டை வாங்கினாள். பிடித்தாள். எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று என்னிடம் கேட்கவே இல்லை. அதை நான் கவனிக்கவில்லை. நான் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"ரமேஷு," என்று ஆரம்பித்தேன். "இந்தப் புளியோதரை கீதே, இத்தன வருசத்துல இப்பிடி ஒண்ணு நான் சாப்ட்டதே இல்ல. செஞ்ச கைக்குத் தங்க வளையல் போடலாம்."

"காத்து அடிக்குது. சரியா கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன்.

"வடையையும் சொல்லுங்க."

வடையையும் சொன்னேன். மூன்றாம் முறை கையால் சைகை காட்டியும் சொன்னேன். அவள் திரையில் இரண்டு இடத்தைத் தொட்டுவிட்டு டேப்லெட்டைப் புல்லில் வைத்தாள்.

"ரமேஷுக்குப் போயிடுச்சா?"

"அவனுக்கும் போச்சி."

"அவனுக்கும்னா?"

பதில் சொல்வதற்குள் அவள் கைப்பேசி அடித்தது. எடுத்து என் காதில் வைத்தாள். என் கை சோற்றில் இருந்தது, தடுக்க முடியவில்லை.

"மாமா," என்றான் தீனதயாளன். "வீடியோ பாத்தோம் மாமா. பிரபா அழுவுறா. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து செஞ்சா. பஸ்ஸாண்டுல நீங்க வேணாம்னுட்டீங்களேன்னு ஒரே பேஜாரா வந்தா. இப்பத்தான் மனசு ஆறிச்சி. அன்னிக்கு நான் பண்ணது தப்புதான் மாமா."

பிரபா அவன் மனைவி. சுண்டல் விற்றவளும் அவளேதான்.

நான் கண்ணகியைப் பார்த்தேன். அவள் எனக்கு இன்னொரு வடை வைத்தாள்.

"நான் அவன் வூட்டு வாசப்படிய மிதிக்கல," என்றேன், அவன் பேசி முடித்தபிறகு.

"மிதிக்கலயே. நீங்க அதெல்லாம் சரியாத்தான் கீறீங்க."

"பஸ்ஸ விட்டு எறங்கல."

"எறங்கல. அந்தப் புள்ளி கூட நகரலயே."

"அப்பறம்?"

"கைய பாருங்க."

பார்த்தேன். மணிக்கட்டு வரை நல்லெண்ணெய் மின்னியது. விரலிடுக்கில் ஒரு வேர்க்கடலை. ஊரில் எந்தப் பஞ்சாயத்து வைத்தாலும் இந்தக் கைக்கு ஆதரவாக ஒருவரும் பேச மாட்டார்கள். போதாததற்கு மூன்று முறை வாக்குமூலம் வேறு கொடுத்திருக்கிறேன், சைகையோடு.

வடையைத் தின்றேன். வேறென்ன செய்வது? நனைந்த கை நனைந்ததுதான்.

"மாசி எந்தத் தேதி?" என்றேன் கடைசியில்.

சொன்னாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தமுறை அருகில் கீரை ஏதும் இல்லை. நிஜமாகத்தான் இருக்க வேண்டும். நானும் கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் பழைய தொழில் புத்தி சும்மா இருக்குமா? எல்லாம் புரிந்தது. ஒன்றே ஒன்று மட்டும் உதைத்தது.

"கூடை உன் வேலை. சோறு பிரபா வேலை. ரமேஷ் எதுக்கு இவ்ளோ பெரிய சாமானை வாங்கி அனுப்பினான்?"

"நான்தான் வாங்கச் சொன்னேன்."

"வீடியோவுக்கா? அதுக்கு உன் போனே போதுமே."

கண்ணகி பாத்திரங்களை அடுக்கி மூடினாள்.

"பஸ்ஸு அங்க பத்து நிமிசம் நிக்கும். அதுவரிக்கும் குனிஞ்ச தல நிமிராம பாத்துக்கினு இருக்க உங்களுக்கு எதுனா வோணும் இல்ல?"