கைடு சொன்னாங்க

இனிமேல் இந்த வீட்டில் 'கைடு' என்ற வார்த்தையே காதில் விழக் கூடாது என்று கோதண்டபாணி முடிவெடுத்தார். முடிவெடுத்து மூச்சு விடுவதற்குள் அடுப்படியிலிருந்து மனைவி செண்பகத்தின் குரல் வந்தது.

"காலையில கேப்பைக் கூழு குடிச்சா உடம்புக்கு அவ்ளோ நல்லதாம். கைடு சொன்னாங்க."

கோதண்டபாணிக்கு வயிறு எரிந்தது. திண்டிவனத்தில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவர், இதே கூழைக் கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறார். அப்போதெல்லாம் அது மாட்டுத் தீனி. கைடு வாயால் வந்ததும் அமிர்தம்!

செண்பகம் சிறப்புப் பள்ளி ஆசிரியை. மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்குப் பல் துலக்க, பட்டன் போட எப்படிப் பழக்குவது என்று பி.எச்டி. செய்கிறாள். சனிக்கிழமைதோறும் விழுப்புரம் போய்க் கைடைப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில், "வண்டியில கொண்டாந்து வுடுங்களேன்" என்று கெஞ்சினாள். "பஸ் இல்லாத ஊரா இது?" என்று புரண்டு படுத்தவர்தான் இவர். இப்போது அவள் திரும்பி வரும்போது முகத்தில் தெரிகிற பூரிப்பு இவருக்குப் பொறுக்கவில்லை.

"உன் கைடுக்கு என்னா வயசு?"

"பார்த்தா தெரியவே தெரியாது. அவ்ளோ டிப்டாப்பா இருப்பாங்க."

"நல்லா பேசுமா அந்தாளு?"

"பேசிக்கினே இருந்தா கேட்டுக்கினே இருக்கலாம்."

"கல்யாணம்?"

"பண்ணிக்கலையாம், பாவம்."

அந்தப் 'பாவம்'தான் தாங்கவில்லை. அந்த வாரமே பஸ் ஸ்டாண்டு வரை பைக்கில் கொண்டுபோய் விட்டார். மறுவாரம் கூட்டேரிப்பட்டு வரை. அதற்கடுத்த வாரம் விக்கிரவாண்டி. ஒரு சனிக்கிழமை மீசைக்கு மை பூசி, இஸ்திரிச் சட்டை மாட்டி, விழுப்புரத்தில் கைடின் அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டார்.

உள்ளே கண்ணாடி போட்ட ஓர் அம்மாள்தான் இருந்தார்.

"கைடு எங்க?"

"இவங்கதாங்க. ஜெயம் மேடம்" என்றாள் செண்பகம்.

அப்பாடா என்றிருந்தது கோதண்டபாணிக்கு. பாழாய்ப்போன இந்த 'ங்க', மரியாதை என்ற பெயரில் புடவையையும் மீசையையும் சேர்த்தல்லவா மறைத்துவிடுகிறது!

மேடம் சிரித்தார். "எந்த வேலையையும் சின்னச் சின்னதாப் பிரிச்சுப் பழக்கினா, யாரா இருந்தாலும் கத்துக்குவாங்க சார். செண்பகத்தோட ஆராய்ச்சியே அதுதான்."

பஸ் ஸ்டாண்டு. கூட்டேரிப்பட்டு. விக்கிரவாண்டி. விழுப்புரம். கோதண்டபாணிக்குத் தலை சுற்றியது.

வெளியே வந்ததும் சீறினார். "என்னையே பழக்கிட்டியா? அடுத்த வாரத்துலேர்ந்து நீ பஸ்லயே போ!"

"சரிங்க" என்றாள் செண்பகம், ரொம்பச் சாதுவாக. "அப்புறம், புதுசா கோ-கைடு ஒருத்தங்க சேர்றாங்க."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ரொம்ப நல்லவங்க."

அடுத்த சனிக்கிழமை, செண்பகம் எழுந்திருப்பதற்கு முன்பே, மை பூசிய மீசையோடு கோதண்டபாணி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.