இல்லை என்று நிரூபித்த புரோட்டான்

கேமரன் மலையில் முனைவர் பட்டத்தோடு தேயிலை வாட்டிக்கொண்டிருந்த ஒரே ஜீவன் எங்கள் புரோட்டான்தான். மலேசியாவிலேயே என்று சொல்ல ஆசை. சொன்னால் ‘ஆதாரம் இருக்கா சார்?’ என்று வந்து நிற்பார்.

தோட்டத்துப் பிள்ளை. வெளிநாடு போய் அணுத்துகள் ஆராய்ச்சியில் பட்டம் வாங்கினார். பிறகு ஓர் ஊரில் இரண்டு வருட ஒப்பந்தம், அது முடிந்ததும் இன்னோர் ஊரில் இன்னொன்று என்று பெட்டியும் கையுமாக அலைந்தார். நாற்பதை நெருங்கும்போது ‘தற்காலிகமாக’ ஊர் திரும்பித் தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதிக்குப் பொறுப்பாளரானார். நான் தமிழ்ப்பள்ளிக்கு அறிவியல் ஆசிரியராக மாற்றலாகி வந்தபோது அவருடைய சொந்தப் பெயரைத் தோட்டமே மறந்து, புரோட்டான் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவரிடம் நேரான பதில் வாங்குவது குதிரைக்கொம்பு. “கியா பார்ம்ல ஜாமாண்ணே?” என்று சாலை நெரிசலைப் பற்றி லோரிக்காரர் கேட்டால், “நா பாத்தப்ப இருந்துச்சு. இப்ப எப்பிடிச் சொல்றது?” என்பார்.

ஒருநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தன் ஆய்வுக் கட்டுரையைக் கொண்டுவந்தார். முதல் பத்துப் பக்கமும் எழுதியவர்களின் பெயர்கள்தான். கங்காணி லெட்சுமியக்கா வாங்கிப் புரட்டினார்.

“நம்ம பெரட்டுலகூட இத்தன பேரு இல்லயே! ஒம்பேரு எங்க தம்பி?”

“எட்டாம் பக்கம் அக்கா. கீழருந்து நாலாவது.”

“நீ என்னா வேல பாத்த?”

“புதுசா ஒரு துகள் இருக்கிற மாரி தெரிஞ்சிச்சு. அது இல்லன்னு நிரூபிச்சேன். மூணு வருசம் ஆச்சு.”

“இல்லாதத இல்லன்னு சொல்ல மூணு வருசமா? எம்புருசன் வூட்ல இல்லன்னு நா வாசல்லருந்தே சொல்லிருவேன்லா!”

பெரட்டே சிரித்தது. அவரும் சிரித்தார்.

சென்ற வருடம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நிரந்தர வேலை. இதுவும் கைநழுவினால், ஆராய்ச்சியை விட்டு ரொம்ப நாளாயிற்று என்று இனி எவரும் கூப்பிட மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். கணினி வழி நேர்காணலுக்குத் தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணி தன் அறையையும் தன் கோட்டையும் கொடுத்தார். கோட்டில் இன்னொரு புரோட்டானுக்கும் இடமிருந்தது. நான் கேமராவில் விழாத மூலையில் உட்கார்ந்துகொண்டேன்.

எல்லாம் நன்றாகவே போயிற்று. பழைய செய்தி ஏதோ படித்திருந்த குழுத் தலைவர், “அந்தப் புதிய துகளின் அறிகுறியை முதலில் பார்த்தது நீங்கள்தானா?” என்று முகம் மலரக் கேட்டார்.

“ஆமாம்,” என்றார் புரோட்டான்.

அத்தோடு நிறுத்து மகராசா என்று நான் மூலையிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டேன்.

“ஆனால் அது தவறு. நான் மாட்டிய ஒயர் ஒன்று லூசாக இருந்தது. அதையும் நானே கண்டுபிடித்தேன்.”

தலைவரின் முகம் வாடியது. நம் தொழிற்சாலையில் இலைகூட அவ்வளவு சீக்கிரம் வாடாது. ஒரு மாதத்தில் வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் நானும் பெரட்டில் நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. லெட்சுமியக்காதான் மெல்லக் கேட்டார். “ஆமான்னு சொல்லிட்டு வாய மூடியிருந்தா கெடச்சிருக்குமா தம்பி?”

“கெடச்சிருக்கும் அக்கா.”

கண்ணால் பார்க்காத ஒன்றைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நேர் பதில் அது.

“அப்பறம் ஏன்டா சொன்ன?”

“ஒயரு லூசாத்தானே இருந்துச்சு.”

அக்கா பிளாஸ்கைத் திறந்து அவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

எனக்குத்தான் ஆற்றாமை. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று இரண்டு நாள் அவரோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள் கையைப் பிடித்து ஆறாம் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். என் பிள்ளைகள் அந்த மனிதரை ஒரு தரமாவது கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.